வீட்டு வரிச் சலுகை: மகன் பெயருக்கு வீட்டை மாற்றுவதற்கு முன்

கேள்வி: எனக்கு 71 வயது. 1998இல் நானும் கணவரும் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வாங்கிய வீட்டில் இருக்கிறேன். இருவர் பெயரிலும் வாங்கியது. மோட்கேஜ் கட்டி முடிந்துவிட்டது. கடந்த வருடம் நவம்பரில் அவர் காலமாகிவிட்டார். வரி, பில் எல்லாவற்றையும் அவர்தான் பார்ப்பவர். இந்த வருடம் யூலை, ஓகஸ்ட் தவணை இரண்டும் கட்டவில்லை. நகரசபையிலிருந்து வட்டி போட்டுக் கடிதம் வந்திருக்கிறது. என் பென்சன் காசும் யூலையிலிருந்து குறைந்துவிட்டது, ஏனென்று தெரியவில்லை. வயது போனவர்களுக்கு வீட்டு வரியில் சலுகை உண்டு என்கிறார்கள். யாரிடம் கேட்பது? பக்கத்து நகரான ஏஜாக்ஸில் சொந்த வீட்டில் இருக்கும் மகன் இந்த வீட்டைத் தன் பெயருக்கு மாற்றச் சொல்கிறான்; மாற்றினால் வரியைத் தானே கட்டுவானாம். மகள் லண்டனில். பேஸ்மென்டை வாடகைக்கு விடலாமா என்றும் யோசிக்கிறேன். எனக்குப் பெரிய வருமானம் இல்லாதபடியால் இந்த வருடம் வருமான வரி செய்யவில்லை. வீடு கைவிட்டுப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அம்மா, முதலில் அந்தப் பயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு தவணை பிந்தியதற்காக யாரும் உங்கள் வீட்டை எடுக்க முடியாது. ஒன்ராறியோ மாகாணச் சட்டப்படி, ஒரு வருடத்து வரி நிலுவையாக நின்று, அதற்கு அடுத்த வருடமும் முழுதாகப் போய், இரண்டாவது வருடத்தின் ஜனவரி 1 வந்தாலும் தீர்க்கப்படாமல் இருந்தால்தான் நகரசபை, வீட்டை விற்பதற்கு முதல் படியாக, அதன் மேல் நிலுவைச் சான்றிதழ் பதிய முடியும். பதிந்த பிறகும் கட்டித் தீர்க்க ஒரு வருடம் தருவார்கள். அதற்கு முதல் எத்தனையோ கடிதங்கள் வரும். நீங்கள் அந்த இடத்துக்குக் கிட்டவும் இல்லை. கடிதத்தில் இருக்கும் வட்டி மாதத்துக்கு 1.25 சதவீதம். ஒரு தவணை 800 டொலர் என்று வைத்துக்கொண்டால் மாதம் 10 டொலர். வீண் செலவுதான், ஆனால் வீடு போகும் கதை அல்ல. அந்தப் பயத்தில் எதிலும் கையெழுத்து வைத்துவிட வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வட்டிக் கணக்கு அல்ல. கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, வருமான வரி செய்யவில்லை என்று. பென்சன் குறைந்ததற்கும், தவணை தவறியதற்கும், நீங்கள் தேடும் சலுகைகள் இதுவரை உங்கள் கைக்கு வராததற்கும் காரணம் அந்த ஒரு வசனத்தில் இருக்கிறது.

65 வயதுக்கு மேல் உங்களுக்கு வருவது ஒரே பென்சன் போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு பங்கு இருக்கிறது. ஒன்று ஓ.ஏ.எஸ். என்கிற முதியோர் பென்சன். மற்றது ஜீ.ஐ.எஸ்., குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு அதன்மேல் சேர்த்துத் தருவது. முதலாவது நிற்காது. இரண்டாவது ஒவ்வொரு யூலையிலும் புதுப்பிக்கப்படுகிறது. புதுப்பிப்பதற்கு அவர்கள் பார்ப்பது முந்தைய வருடத்து வருமான வரிப் படிவத்தை. ஏப்ரல் 30க்குள் படிவம் போயிருந்தால் எல்லாம் தானாக நடக்கும். படிவமும் போகாமல், பென்சனைக் கவனிக்கும் அரச அலுவலகமான சேர்விஸ் கனடா கேட்கும் விபரமும் போகாமல் இருந்தால் யூலையிலிருந்து ஜீ.ஐ.எஸ். நின்றுவிடும். உங்கள் பென்சன் முற்றாக நிற்காமல் ‘குறைந்துவிட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். யூலை என்றும் சொல்கிறீர்கள். அநேகமாக நடந்தது இதுதான். வங்கிப் புத்தகத்தில் யூன் மாதம் விழுந்த தொகையையும் யூலையில் விழுந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், விளங்கும். மாதம் சில நூறு டொலர் குறைந்தவுடன் யூலைத் தவணையும் ஓகஸ்ட் தவணையும் கட்ட முடியாமல் போயிருக்கிறது.

வருமானம் இல்லாதவர் எதற்கு ரக்ஸ் செய்ய வேண்டும் என்று எங்கள் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். கனடாவில் இது நேர்மாறு. வருமானம் குறைந்தவருக்குத்தான் அந்தப் படிவம் அதிகம் தேவை. அரசாங்கம் உங்களுக்குக் காசு தருவதற்கு வைத்திருக்கும் விண்ணப்பமே அதுதான். வரி கட்ட வேண்டியது ஒன்றும் இல்லையென்றால் பிந்திப் போட்டதற்குத் தண்டப்பணமும் கிடையாது. ஆகவே இந்தக் கிழமையே கடந்த வருடத்துப் படிவத்தைப் போடுங்கள். கூடவே கணவருடைய கடைசிப் படிவத்தையும் போட வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக ரக்ஸ் செய்து கொடுக்கும் தொண்டர் முகாம்கள், வருமான வரியைக் கவனிக்கும் கனடா வருமான முகவரகத்தின் திட்டத்தின் கீழ் நடக்கின்றன. பெரும்பாலானவை மாசி முதல் ஏப்ரல் வரைதான், ஆனால் சில வருடம் முழுதும் நடக்கின்றன. எது திறந்திருக்கிறது என்று சமூக சேவைத் தகவல் எண்ணான 211க்கு அழைத்துக் கேட்கலாம். தமிழில் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். இறந்தவருடைய படிவத்தை இந்த முகாம்களில் செய்வதில்லை, அதற்கு மட்டும் ஒரு கணக்காளரிடம் போக வேண்டியிருக்கும்.

படிவம் போட்ட கையோடு சேர்விஸ் கனடாவுக்கும் தொலைபேசி எடுங்கள். கணவர் இறந்ததை அவர்களுக்கு அறிவித்தாயிற்றா என்று உறுதிப்படுத்துங்கள். தனியாக இருப்பவருக்கான ஜீ.ஐ.எஸ். அளவு தம்பதியில் ஒருவருக்குக் கொடுப்பதைவிடக் கூட. கணக்கிலும் இனி உங்கள் வருமானம் மட்டும்தான் வரும். விட்டுப்போன மாதங்களுக்கும் சேர்த்துத் தருவார்கள். பின்னோக்கிப் போகும் எல்லை 11 மாதம், நீங்கள் அதற்குள் நிற்கிறீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இது பிந்தினால் காசு போகும். கணவர் வேலை செய்து சீ.பீ.பீ. என்கிற கனடா பென்சன் திட்டத்துக்குக் காசு கட்டியிருந்தால் துணையை இழந்தவருக்கான பென்சன் ஒன்று உங்களுக்கு வரவேண்டும். அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பின்னோக்கி 12 மாதத்துக்குத்தான் தருவார்கள். அவர் போனது கடந்த நவம்பர். இன்னும் விண்ணப்பிக்கவில்லையென்றால் இனிப் பிந்தும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்கு நட்டம். செத்தவீட்டுச் செலவுக்கென்று 2,500 டொலர் ஒருமுறை தருவதும் இருக்கிறது, அதையும் கேளுங்கள்.

இப்போது வீட்டு வரிக்கு வருகிறேன்.

ஒன்ராறியோவில் வீட்டுச் சொந்தக்கார முதியவர்களுக்கு மாகாண அரசு வருடத்துக்கு 500 டொலர் வரை ஒரு மானியம் தருகிறது. முந்தைய வருடம் டிசம்பர் 31 அன்று 64 வயது ஆகியிருக்க வேண்டும், வீடு உங்களுடையதாக இருந்து நீங்களே அதில் குடியிருக்க வேண்டும், வரி கட்டியிருக்க வேண்டும். தனியாள் என்றால் வருமானம் 35,000 டொலர் வரை முழு 500; அதற்குமேல் படிப்படியாகக் குறைந்து 50,000இல் ஒன்றுமில்லாமல் போகும். தம்பதிக்கு அந்த எல்லை 45,000, 60,000. ஒரு தம்பதியில் ஒருவருக்குத்தான் கொடுப்பார்கள். இத்தனை வருடமும் உங்கள் கணவருடைய பெயரில் வந்து அவருடைய கணக்கில் விழுந்திருக்கலாம், அதனால்தான் உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கும். டிசம்பர் 31இல் நீங்கள் தனியாள். நீங்கள் சொல்லும் வருமானத்துக்கு முழு 500 டொலரும் வரவேண்டும்.

இரண்டாவது, வீட்டு வரிக்கும் மின்சாரம், எரிவாயுச் செலவுக்குமாகச் சேர்த்துத் தரும் கிரெடிற். மாதம் 10ஆம் திகதி ‘ட்ரில்லியம்’ என்ற பெயரில் வங்கியில் விழுகிறதே, அதற்குள் இருப்பது இது. 64 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இதன் உச்ச அளவு மற்றவர்களைவிடக் கூட. உங்களைப் போன்ற ஒருவருக்கு இது மேலே சொன்ன 500ஐவிடப் பெரிய தொகையாகவே வரும்.

இரண்டுக்கும் விண்ணப்பம் ஒரே தாளில் இருக்கிறது. வருமான வரிப் படிவத்தோடு போகும் ‘ஒன்-பென்’ என்ற தாள். அதில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன: ஒன்று கிரெடிற்றுக்கு, ஒன்று முதியோர் மானியத்துக்கு. அதன் கீழே வீட்டு விலாசம், எத்தனை மாதம் குடியிருந்தீர்கள், கட்டிய வீட்டு வரி எவ்வளவு, எந்த நகரசபைக்கு என்று எழுத வேண்டும். மற்ற எல்லாக் கணக்கும் சரியாக இருந்து இந்தத் தாள் மட்டும் வெறுமையாகப் போன படிவங்களை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அவசரமாகச் செய்கிறவர் பென்சன் தாள்களை மட்டும் வாங்கிப் பதிந்துவிட்டு அனுப்பிவிடுவார். வீட்டு வரி எவ்வளவு கட்டினீர்கள் என்று கேட்காதவரிடம் நீங்களே எடுத்து நீட்டுங்கள். கடந்த வருடம் கணவர் கட்டியிருந்தாலும் பரவாயில்லை. நீங்கள் கட்டியதோ உங்களுக்காகக் கட்டப்பட்டதோ இரண்டும் கணக்கில் வரும். முந்தைய வருடங்களில் இந்தத் தாள் போனதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். தவறவிட்டிருந்தால் சில வருடம் பின்னோக்கித் திருத்திக் கேட்க இடமிருக்கிறது.

மூன்றாவது, ரொறன்ரோ நகரசபையின் சலுகை. குறைந்த வருமானமுள்ள முதியவர்களுக்கு அந்த வருடம் கூடிய வரியை ரத்துச் செய்வது ஒன்று, கூடிய வரியைப் பிற்போடுவது மற்றது. நன்றாகக் கவனியுங்கள், முழு வரியையும் அல்ல, கூடிய பங்கை மட்டும். அதனால் சிறிய தொகை என்று விட்டுவிடாதீர்கள். ரொறன்ரோவில் வீடுகளுக்கான வரி 2024இல் 9.5 சதவீதம் கூடியது, 2025இல் 6.9 சதவீதம். இப்படி வருடம் வருடம் கூடும்போது அந்த அதிகரிப்பைத் தடுப்பது பெரிய உதவி. 65 வயது தாண்டியவர் நீங்கள், வயதுத் தகுதி இருக்கிறது. வருமானத்துக்கும் வீட்டின் மதிப்பீட்டுக்கும் எல்லை உண்டு, அதை வருடாவருடம் மாற்றுவார்கள். நகரசபையின் தொலைபேசி எண்ணான 311க்கு அழைத்து இந்த வருடத்து எல்லையையும் கடைசித் திகதியையும் கேளுங்கள், தமிழில் பேச வேண்டும் என்றாலும் சொல்லலாம். ஒவ்வொரு வருடமும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இதற்குத் தகுதி பெறுகிறவருக்குத் தண்ணீர்க் கட்டணத்திலும் 30 சதவீதம் குறைப்பு உண்டு, வருடத்துக்கு 400 கன மீற்றருக்குக் குறைவாகத் தண்ணீர் பாவித்தால். தனியாக இருக்கும் நீங்கள் அதன் கிட்டவும் போகமாட்டீர்கள்.

நகரசபை விண்ணப்பத்திலும் வருமான அத்தாட்சியாகக் கேட்பது, வருமான வரிப் படிவம் போட்ட பிறகு வருமான முகவரகம் அனுப்பும் மதிப்பீட்டு அறிவித்தலைத்தான். ஆகவே ரக்ஸ் செய்யாமல் இந்த வாசலும் திறக்காது.

நோய், கடும் வறுமை காரணமாக வரி கட்டவே முடியாதவர்கள் அந்த வருடத்து வரியைக் குறைக்கவோ ரத்துச் செய்யவோ கேட்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. அடுத்த வருடம் பெப்ரவரி கடைசி நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஜீ.ஐ.எஸ். திரும்ப வந்துவிட்டால் உங்களுக்கு அது தேவைப்படாது. வாசிக்கும் வேறு யாருக்கும் உதவட்டும் என்று சொல்லி வைக்கிறேன்.

வீட்டு விலை ஏறியதால்தான் வரி ஏறுகிறது என்று அயலில் சொல்வார்கள். உங்கள் வரிப் பில்லை எடுத்து மதிப்பீடு என்று போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். அது இன்று வீடு போகும் விலையைவிட எவ்வளவோ குறைவாக இருக்கும். எம்பாக் என்ற நிறுவனம் 2016 ஜனவரி 1 அன்று இருந்த விலையை வைத்துப் போட்ட மதிப்பீடு அது. மாகாணம் முழுவதற்கும் அதில்தான் இன்னும் வரி போடுகிறார்கள். ஏறியது நகரசபையின் வீதம். பில்லில் கல்விக்கென்று ஒரு பங்கு தனியாக இருக்கும், அதன் வீதத்தை மாகாணம் தீர்மானிக்கிறது, 2020இலிருந்து 0.153 சதவீதம்தான். வீட்டின் சதுர அடியோ, குளியலறைகளின் எண்ணிக்கையோ பிழையாகப் பதிந்திருந்தால் எம்பாக்கிடம் மறுபரிசீலனை கேட்கலாம். வீடுகளுக்கு அது இலவசம், சாதாரணமாக அந்த வருடத்தின் மார்ச் 31க்குள் கேட்க வேண்டும். 1998க்குப் பிறகு வீட்டில் பெரிதாக ஒன்றும் மாற்றவில்லையென்றால் இதில் மினக்கெட வேண்டாம்.

மகன் சொல்வதற்கு வருகிறேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அம்மா தனியாகக் கடிதங்களோடு கஷ்டப்படுகிறார், என் பெயரில் இருந்தால் நானே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். பல வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. ஆனால் இது உங்களுக்கும் நல்லதல்ல, அவருக்கும் நல்லதல்ல.

மேலே நான் எழுதிய சலுகைகளைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். மாகாணத்தின் 500 டொலர், வீடு உங்களுடையதாக இருந்தால்தான். நகரசபையின் சலுகையும் சொந்த வீட்டில் குடியிருக்கும் முதியவருக்குத்தான். வீட்டு உறுதியில் மகன் பெயர் ஏறி உங்கள் பெயர் இறங்கிய அன்று இரண்டும் போய்விடும். மகனுக்கும் கிடைக்காது, ஏனென்றால் அவருக்கு வயதில்லை, அவர் அங்கே குடியிருக்கவும் இல்லை. வரியைக் குறைக்க வழி கேட்டு வந்த நீங்கள், குறைப்பு முழுவதையும் கைவிட்டு முழு வரியையும் மகன் தலையில் வைத்ததாக முடியும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் வீட்டின் விலை எவ்வளவு ஏறினாலும், அது உங்கள் பெயரில் இருக்கும்வரை அந்த ஏற்றத்துக்கு வருமான வரி இல்லை. விற்றாலும் இல்லை, உங்கள் காலத்துக்குப் பிறகு பிள்ளைகளுக்குப் போனாலும் இல்லை. மகனுக்கு ஏஜாக்ஸில் சொந்த வீடு இருக்கிறது. ஒரு குடும்பம் ஒரே காலத்துக்கு ஒரு வீட்டுக்குத்தான் அந்த விலக்கைக் கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். இன்று 900,000 டொலர் பெறுமதியான வீட்டை அவர் பெயருக்கு மாற்றுகிறீர்கள், பல வருடம் கழித்து 1,100,000க்கு விற்கிறார் என்று வைப்போம். 200,000 இலாபம். அதில் பாதி, 100,000 டொலர், அந்த வருடம் அவருடைய சம்பளத்துக்கு மேல் வருமானமாகச் சேரும். அவருடைய வருமானத்தைப் பொறுத்து அதற்கான வரி 30,000 டொலரைத் தாண்டலாம். வீடு கடைசிவரை உங்கள் பெயரில் இருந்து உயில் மூலம் போயிருந்தால் அந்த வரி ஒரு சதமும் இல்லை.

அப்போது, இறந்தவரின் உயிலை நீதிமன்றத்தில் உறுதிப்படுத்தும்போது கட்டும் புரோபேற் வரி வருமே என்று மகன் கேட்பார். வரும். ஒன்ராறியோவில் முதல் 50,000 டொலருக்கு இல்லை, அதற்குமேல் ஆயிரத்துக்கு 15 டொலர். 1,100,000 வீட்டுக்கு 15,750. இரண்டு தொகையையும் ஒரு தாளில் எழுதி மகனுக்குக் காட்டுங்கள். 15,750ஐ மிச்சம் பிடிக்கப் போய் அதைப்போல இரண்டு மடங்கு கட்டுவதை எந்தக் கணக்காளரும் சிபாரிசு செய்யமாட்டார்.

சரி, என் பெயரை எடுக்காமல் மகன் பெயரைச் சேர்த்தால் என்ன என்று நீங்கள் யோசிக்கலாம். வரிப் பிரச்சினை பாதியாகும், வேறு பிரச்சினை வரும். மகன் வியாபாரத்தில் நொடித்தாலோ, மணமுறிவு வந்தாலோ, அவருடைய பங்கு என்ற பெயரில் உங்கள் வீடு அந்த வழக்குக்குள் இழுபடும். லண்டனில் இருக்கும் மகளையும் நினைக்க வேண்டும். பெற்றவர் காசு வாங்காமல் வளர்ந்த பிள்ளையின் பெயரைச் சொத்தில் சேர்த்தால், வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை, பிள்ளை அதைப் பெற்றவருக்காகவே வைத்திருப்பதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 2007இல் ‘பெக்கோர்’ வழக்கில் சொன்னது. உங்கள் மனதில் என்ன இருந்தது என்று சொல்ல நீங்கள் இல்லாத நேரத்தில், அதை நிரூபிக்க அண்ணனும் தங்கச்சியும் இரண்டு சட்டத்தரணிகளோடு நிற்பார்கள். வீட்டை மகனுக்கே கொடுக்க விருப்பம் என்றால் அது உங்கள் உரிமை. அதை உயிலில் எழுதுங்கள், மகளுக்கும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

மகன் உண்மையில் விரும்பும் உதவிக்கு வேறு வழி இருக்கிறது, சொத்துக்கான அற்றோணித் தத்துவம். அதை எழுதிக் கொடுத்தால் வீடு உங்களுடையதாகவே இருக்கும், மகன் உங்கள் சார்பில் வரி கட்டலாம், நகரசபையோடு பேசலாம், வங்கியில் கையெழுத்து வைக்கலாம். உங்களுக்கு நினைவு தளரும் காலத்திலும் செல்லுபடியாக வேண்டுமென்றால் அதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். மகனையும் மகளையும் சேர்த்தே நியமிக்கலாம். வருமான முகவரகத்தோடு பேசுவதற்கு மட்டும் மகனை உங்கள் பிரதிநிதியாகப் பதிவது வேறு, அது இலவசம்.

சட்டத்தரணியிடம் போகும்போது இன்னொரு வேலையும் முடித்துவிடுங்கள். வீட்டைக் கணவரும் நீங்களும் கூட்டு உரிமையில் வாங்கியிருந்தால் அவருடைய பங்கு ஏற்கெனவே உங்களுக்கு வந்துவிட்டது. ஆனால் பதிவேட்டில் இன்னும் இரண்டு பெயரும் இருக்கும். இறப்புச் சான்றிதழைக் கொடுத்து உங்கள் தனிப் பெயருக்கு மாற்ற வேண்டும். இதற்குப் புரோபேற் தேவையில்லை. மாற்றியதும் வரிப் பில்லில் பெயரை மாற்ற நகரசபைக்கு அறிவியுங்கள். சலுகை விண்ணப்பத்தில் இருக்கும் பெயரும் பில்லில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருந்தால் இழுபறி இருக்காது. சட்டத்தரணி உங்களுடையவராக இருக்கட்டும். மகன் கூட்டிக்கொண்டு போகும், மகனுக்கு வேலை செய்யும் சட்டத்தரணி வேண்டாம். அவர் நல்லவராக இருந்தாலும் உங்கள் பக்கத்தைப் பார்க்க இன்னொருவர் வேண்டும்.

பேஸ்மென்ட் பற்றி. விடலாம், ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்டு விடுங்கள். வாடகை வருமானம், அதைக் காட்ட வேண்டும். அதற்குரிய வீட்டு வரி, காப்புறுதி, மின்சாரம் ஆகியவற்றின் பங்கைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் வருமானமாகச் சேரும். ஜீ.ஐ.எஸ். அதில் ஏறக்குறைய பாதியைக் குறைத்துவிடும். செலவு போக வருடம் 10,000 டொலர் நின்றால் கிட்டத்தட்ட 5,000 டொலர் ஜீ.ஐ.எஸ்.இல் போகும். மிச்சம் 5,000 கையில் நிற்கும். தனியாக இருக்கும் உங்களுக்கு வீட்டில் ஒரு ஆள் துணை இருப்பதும் நல்லதுதான். ஆனால் ட்ரில்லியம் காசும் கொஞ்சம் குறையும், நகரசபையின் வருமான எல்லையையும் பார்க்க வேண்டும். காசாக வாங்கிக்கொண்டு காட்டாமல் விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிறகு பிடித்தால் இத்தனை வருடத்து ஜீ.ஐ.எஸ்.ஐயும் திருப்பிக் கேட்பார்கள், 75 வயதில் அதைத் தாங்க முடியாது. முதலில் ஜீ.ஐ.எஸ். திரும்ப வரட்டும், ஆறு மாதம் வரவு செலவைப் பாருங்கள், பிறகு முடிவெடுக்கலாம்.

வீட்டின் மேல் கடன் எடுத்து வரி கட்டலாம் என்று தொலைக்காட்சியில் வரும் ரிவேர்ஸ் மோட்கேஜ் விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கொடுப்பார்கள், மாதக் கட்டணம் இல்லை. ஆனால் வட்டி வட்டிக்கு மேல் ஏறிக்கொண்டே போகும். இரண்டு தவணை நிலுவைக்கு அது தேவையே இல்லை. வாசலில் வந்து ‘அரசாங்கத்தின் முதியோர் சலுகை’ என்று தாள் நீட்டுகிறவர்களுக்குக் கதவைத் திறக்காதீர்கள். நான் மேலே எழுதிய எதற்கும் யாரும் வீட்டுக்கு வருவதில்லை. அவர்கள் கையெழுத்து வாங்குவது பெரும்பாலும் வெப்பமூட்டிக்கோ நீர் வடிகட்டிக்கோ பல வருட ஒப்பந்தத்துக்கு. கணவரை இழந்து தனியாக இருக்கும் பெண்களைத் தேடி வருகிறார்கள் என்பது எனக்குப் பெரிய கோபத்தைத் தரும் விஷயம்.

நிலுவையைக் கட்டுவதற்கு: விட்டுப்போன மாதங்களின் ஜீ.ஐ.எஸ். மொத்தமாக வந்ததும் முதல் வேலையாக நகரசபை நிலுவையைத் தீர்த்துவிடுங்கள். அதுவரை 311க்கு அழைத்து, கணவர் இறந்ததையும் பென்சன் குறைந்ததையும் சொல்லி, மாதம் இவ்வளவு கட்டுகிறேன் என்று ஒரு ஒழுங்கு கேளுங்கள். வட்டியைத் தள்ளுபடி செய்ய அங்கே பேசுகிறவருக்கு அதிகாரம் இல்லை, அதற்காக மன்றாட வேண்டாம். கிரெடிற் அட்டையிலிருந்து காசு எடுத்துக் கட்டவும் வேண்டாம், அதன் வட்டி நகரசபையின் வட்டியைவிடக் கூட. மகன் உதவ விரும்பினால் இந்த இரண்டு தவணையையும் அவர் கடனாகத் தரட்டும், ஜீ.ஐ.எஸ். வந்ததும் திருப்பிக் கொடுங்கள். உறுதியில் கை வைக்காமல் செய்யக்கூடிய உதவி அது. நிலுவை தீர்ந்த பிறகு, வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுக்கும் திட்டத்தில் சேருங்கள். இரண்டு, ஆறு, பதினொரு தவணை என்று மூன்று விதம் இருக்கிறது. நீங்கள் பதினொரு தவணையை எடுங்கள். ஒவ்வொரு தவணையும் சிறியதாக இருக்கும், ஏறக்குறைய மாதாமாதம் போகும். பென்சன் விழும் கணக்கிலிருந்தே எடுக்கும்படி எழுதிக் கொடுங்கள். தை மாதத்தில் இடைக்கால பில் வருவதற்கு முன்னரே விண்ணப்பித்துவிட்டால் அடுத்த வருடத்தின் முதல் தவணையிலிருந்தே தொடங்கிவிடலாம்.